துத்தநாகம் ஏன் இத்தனை பிந்தி வந்தது?

புவி மேலோட்டில் செம்பும் துத்தநாகமும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருக்கின்றன. பத்து லட்சம் பங்கு பாறையில் இரண்டுமே 60, 70 பங்கு தேறும். ஆனால் செம்பை மனிதர்கள் தாதுவிலிருந்து உருக்கி எடுக்கத் தொடங்கி 7000 ஆண்டுகள் ஆகின்றன. செர்பியாவின் பெலோவோடேயில் கிடைத்த செம்புக் கசடுகள் கி.மு. 5000ஐ ஒட்டியவை. துத்தநாகத்தைத் தனி உலோகமாகத் தொழில் அளவில் எடுத்ததோ ஏறத்தாழ 800 ஆண்டுகளுக்கு முன்புதான். அலுமினியம் இன்னும் வியப்பூட்டுவது. மேலோட்டின் எடையில் 8 விழுக்காடு அதுவே. அதைவிட மிகுதியான உலோகம் அங்கே வேறில்லை. ஆயினும் 1825 வரை அலுமினியத்தை உலோகமாக யாரும் கண்டதில்லை. 1884இல் வாஷிங்டன் நினைவுத் தூணின் உச்சியில் அலுமினியத்தாலான சிறு பிரமிடு வடிவ முனையை வைத்தபோது அந்த உலோகத்தின் விலை வெள்ளிக்கு நிகராக இருந்தது.

மிகுதியாக இருப்பது முதலில் கிடைக்கவில்லை. அரிதாக இருப்பது முதலில் கிடைத்துவிட்டது. சம அளவில் இருந்த இரண்டில் ஒன்று ஆறாயிரம் ஆண்டுகள் முந்திக்கொண்டது. இந்த முரணுக்கான விடை நம் பள்ளி வேதியியல் புத்தகத்திலேயே இருக்கிறது. தமிழக மாநிலப் பாடத்திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலின் முதல் அலகே உலோகவியல்தான். பத்தாம் வகுப்பிலும் அலுமினியம், தாமிரம், இரும்பு ஆகியவற்றைப் பிரித்தெடுக்கும் முறைகள் வந்துவிடுகின்றன. ஆனால் அந்தப் பக்கங்களைப் படித்து முடிக்கும் மாணவரிடம் மேற்சொன்ன முரணைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. பாக்சைட், ஹேமடைட், காப்பர் பைரைட், ஜிங்க் பிளண்ட் என்று தாதுக்களின் பெயர் வரும். நுரை மிதப்பு, காந்தப் பிரிப்பு, வறுத்தல், உருக்கிப் பிரித்தல், மின்னாற்பகுத்தல் என்று முறைகளின் பட்டியல் வரும். எந்தத் தாதுவுக்கு எந்த முறை என்பது பொருத்துக வினாவாக மனப்பாடம் ஆகியிருக்கும். ஏன் அந்தத் தாதுவுக்கு அந்த முறை என்ற கேள்வி மட்டும் எழுந்திருக்காது.

இந்த அலகு முழுவதையும் ஒரே கேள்வியின் கிளைகளாகப் படிக்க முடியும். உலோகத்தைப் பற்றிக்கொண்டிருக்கும் ஆக்சிஜனை யாரால், எந்த வெப்பத்தில் பிரிக்க முடியும்? அப்படிப் பிரிக்கும்போது கிடைக்கும் பொருள்கள் எங்கே போகின்றன? இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டால் மனப்பாடம் செய்ய மிகக் குறைவாகவே இருக்கும். இதை மிகத் தெளிவாகக் காட்டும் உலோகம் துத்தநாகம் என்று நான் கருதுகிறேன். பாடநூல்கள் ஓரிரு சமன்பாடுகளோடு கடந்துபோகும் உலோகமும் அதுதான்.

முதலில் செம்பு. பச்சை நிற மாலகைட் போன்ற செம்புக் கனிமங்களைக் கரியோடு சேர்த்துச் சூடாக்கினால் ஆக்சிஜன் எளிதில் விட்டுப்போகும். செம்புக்கும் ஆக்சிஜனுக்கும் இடையிலான பிணைப்பு அவ்வளவு வலுவானதல்ல. உருகுநிலையான 1085 டிகிரி செல்சியஸை ஊதுகுழலோடு கூடிய கரி உலையில் எட்டிவிடலாம். மட்பாண்டச் சூளையை ஆண்ட மனிதர்களுக்கு இது கைக்கெட்டும் தூரமே. பாதரசத்துக்கு இவ்வளவுகூடத் தேவையில்லை. அதன் தாதுவான சின்னபாரைக் காற்றில் சூடாக்கினாலே பாதரசம் ஆவியாக வெளியேறிவிடும், கரிக்கு அங்கே வேலையில்லை.

ஆனால் செம்பின் பெரும்பகுதி கந்தகத்தோடு சேர்ந்த காப்பர் பைரைட்டாகவே பூமியில் கிடக்கிறது. தாதுவில் செம்பு ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாக இருக்கும் சுரங்கங்கள் இன்று ஏராளம். எனவே முதலில் அதை அடர்ப்பிக்க வேண்டும். தூளாக்கிய தாதுவை நீரில் கலந்து, பைன் எண்ணெயும் சேகரிப்பானும் சேர்த்துக் காற்றைச் செலுத்தினால் சல்பைடு துகள்கள் எண்ணெய் பூசிக்கொண்டு நுரையில் ஏறும். மண்ணும் மணலும் நீரில் நனைந்து அடியில் தங்கும். சுரங்கத் தொழிலாளியின் உடுப்பைத் துவைத்த பெண் ஒருத்தி இதைக் கண்டுகொண்டாள் என்ற கதை நம் வகுப்பறைகளில் நெடுங்காலமாகச் சொல்லப்படுகிறது. அந்தக் கதையோடு சேர்த்துச் சொல்லப்படும் கேரி எவர்சன் ஒரு சிகாகோ மருத்துவரின் மனைவி. எண்ணெயையும் அமிலத்தையும் கொண்டு தாதுவை அடர்ப்பிக்கும் முறைக்கு 1886இல் காப்புரிமை பெற்றவர் அவரே. அது தொழிலாக வளர்ந்தது அவருக்குப் பின், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில் சுரங்கங்களில். ஒரு பெண் முயன்று பெற்ற காப்புரிமையைத் தற்செயல் கதையாகச் சுருக்குவது அவருக்குச் செய்யும் நியாயமல்ல.

அடர்ப்பித்த சல்பைடை அடுத்து வறுக்க வேண்டும். கந்தகம் கந்தக டைஆக்சைடாகப் போகும், உலோகம் ஆக்சைடாகும். செம்பின் விஷயத்தில் ஆக்சைடும் எஞ்சிய சல்பைடும் ஒன்றோடொன்று வினைபுரிந்து தாமாகவே உலோகத்தைத் தந்துவிடும். சல்பைடில் இருக்கும் கந்தகமே ஆக்சைடில் இருக்கும் ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு போவதால் கரிகூட வேண்டியதில்லை.

சமன்பாட்டில் கந்தக டைஆக்சைடுக்குப் பக்கத்தில் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி போடுவார்கள். வாயு வெளியேறுகிறது என்று பொருள். அந்த அம்புக்குறியில் சற்று நிற்க வேண்டும். காப்பர் பைரைட்டில் ஒரு செம்பு அணுவுக்கு இரண்டு கந்தக அணுக்கள். செம்பின் அணு எடை 63.5, இரண்டு மூலக்கூறு கந்தக டைஆக்சைடின் எடை 128. அதாவது ஒரு டன் செம்பு எடுத்தால் இரண்டு டன் கந்தக டைஆக்சைடு வரும். பத்தாம் வகுப்பு மாணவர் இரண்டு வரியில் போடக்கூடிய கணக்கு இது. அந்த வாயுவைப் பிடித்துக் கந்தக அமிலமாக மாற்றினால் மூன்று டன்னுக்கு மேல் அமிலம் கிடைக்கும். அதனால்தான் செம்பு உருக்காலை பெரும்பாலும் தனியாக நிற்பதில்லை, கூடவே ஓர் அமில ஆலையும் இருக்கும். பிடிக்காமல் விட்டால் அது காற்றில் கலந்து மூச்சை அடைக்கும், மழையில் அமிலமாக இறங்கும். தூத்துக்குடியில் செம்பு உருக்காலைக்கு எதிராக மக்கள் எழுப்பிய புகார்களில் இந்த வாயுவும் ஒன்று. 2018 மே 22 அன்று போராடியவர்கள் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தார்கள். ஆலையை அரசு மூடியது. மீண்டும் திறக்கக் கோரிய மனுவை 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. தமிழக வகுப்பறையில் வறுத்தல் பற்றிய பாடம் இந்தச் செய்தியைத் தொடாமல் நடப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

செம்பிலிருந்து இரும்புக்கு வருவதற்கு முன், அடிப்படைக் கேள்விக்கு ஒரு கருவி தேவை. அதைத் தந்தவர் லண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த ஹெரால்டு எலிங்கம். 1944இல் அவர் வெளியிட்ட வரைபடம் பன்னிரண்டாம் வகுப்பில் இடம்பெறுகிறது. பெரும்பாலான மாணவர்கள் அஞ்சும் பக்கமும் அதுவே. உண்மையில் அதன் கருத்து மிக எளியது. கிடைமட்ட அச்சில் வெப்பநிலை. செங்குத்து அச்சில், ஒரு மோல் ஆக்சிஜனோடு சேரும்போது ஒவ்வொரு தனிமத்துக்கும் ஏற்படும் கட்டிலா ஆற்றல் மாற்றம். கோடு எவ்வளவு கீழே இருக்கிறதோ ஆக்சிஜன் மீதான அந்தத் தனிமத்தின் பிடி அவ்வளவு இறுக்கம். கீழே உள்ளது மேலே உள்ளதிடமிருந்து ஆக்சிஜனைப் பறித்துவிடும். செம்பு மேலே, இரும்பு நடுவில், துத்தநாகம் அதற்குச் சற்றுக் கீழே, அலுமினியம் மிகக் கீழே.

உலோகக் கோடுகள் எல்லாம் வலப்புறம் போகப்போக மேலேறுகின்றன. உலோகம் திடம், ஆக்சைடும் திடம், நடுவில் ஆக்சிஜன் மட்டும் வாயு. வாயுவாகத் திரிந்த மூலக்கூறுகள் திடத்துக்குள் அடைபடுவதால் என்ட்ரோபி குறைகிறது. வெப்பம் ஏற ஏற இந்த இழப்பின் கணக்கு பெரிதாகிக்கொண்டே போகும், உலோகத்தின் பிடி தளரும். கார்பன் மட்டும் எதிர்த்திசையில் போகிறது. அது ஆக்சிஜனோடு சேர்ந்து கார்பன் மோனாக்சைடாகும்போது ஒரு மூலக்கூறு வாயு போய் இரண்டு மூலக்கூறு வாயு பிறக்கிறது. எனவே வெப்பம் ஏற ஏற கார்பனின் பிடி இறுகும். ஆக, போதிய வெப்பம் கொடுத்தால் எந்த உலோகக் கோட்டையும் கார்பன் கோடு என்றாவது ஓரிடத்தில் வெட்டியே தீரும். உலோகவியலின் வரலாறு பெரும்பாலும் அந்த வெட்டுப்புள்ளிகளின் வரலாறு. இரும்புக்கு அது 700 டிகிரியைச் சற்றுத் தாண்டினால் வந்துவிடுகிறது. துத்தநாகத்துக்கு 950 டிகிரியை ஒட்டி. அலுமினியத்துக்கு 2000 டிகிரிக்கும் மேல்.

இரும்பில் ஒரு விசித்திரம் உண்டு. ஆக்சிஜன் பிரிவது எளிது, உருக்குவதுதான் கடினம். தூய இரும்பின் உருகுநிலை 1538 டிகிரி. பழங்கால உலைகள் அதை எட்டவில்லை. எனவே இரும்பு திட நிலையிலேயே, துளைகள் நிறைந்த கட்டியாகக் கிடைத்தது. மணலும் மண்ணும் இரும்பு ஆக்சைடோடு சேர்ந்து 1200 டிகிரியை ஒட்டி உருகிக் கசடாக வழிந்தன. எஞ்சியதைச் சம்மட்டியால் அடித்து அடித்து மீதிக் கசடை வெளியேற்றி இரும்பாக்கினார்கள். ஈரோடு மாவட்டம் கொடுமணலில் அத்தகைய இரும்பு உலையின் எச்சங்கள் அகழ்வில் கிடைத்திருக்கின்றன. சிவகளையில் இரும்பின் காலத்தைக் கி.மு. 3345 வரை கொண்டுசெல்லும் காலக்கணிப்புகளைத் தமிழகத் தொல்லியல் துறை 2025 சனவரியில் வெளியிட்டது. அந்த ஆண்டுகளைப் பற்றி விவாதிப்பவர்கள் ஒன்றை மறந்துவிடக் கூடாது. இரும்புப் பொருள் எவ்வளவு பழமையானது என்பது ஒரு கேள்வி, அதை எந்த உலையில், எவ்வளவு வெப்பத்தில் எடுத்தார்கள் என்பது வேறு கேள்வி. இரண்டாவதற்கு விடை சொல்பவை கசடுகளும் உலைச் சுவர்களும்தான். அவற்றைத் தேடும் அகழ்வுகளுக்கு இன்னும் அதிக முதன்மை தர வேண்டும்.

தமிழகக் கொல்லர்கள் இதற்கு மேலும் ஒரு படி போனார்கள். பரங்கிப்பேட்டையில் 1830இல் இரும்பாலை நிறுவிய ஜோசையா மார்ஷல் ஹீத் சேலம் பகுதியின் எஃகு முறையைப் பதிவு செய்திருக்கிறார். இரும்புத் துண்டுகளை ஆவாரைக் கட்டை, எருக்கிலை ஆகியவற்றோடு சிறு மண் மூசையில் இட்டு, வாயைக் களிமண்ணால் அடைத்து உலையில் வைப்பார்கள். உள்ளே இலையும் கட்டையும் கரியாகி, கார்பன் இரும்புக்குள் புகும். கார்பன் புகுந்த இரும்பின் உருகுநிலை இறங்கும். தூய இரும்புக்குப் போதாத நெருப்பு, 1.5 விழுக்காடு கார்பன் கலந்த எஃகுக்குப் போதும். ஐரோப்பா ஊட்ஸ் என்று அழைத்து வியந்த எஃகு இப்படித்தான் உருவானது. இன்றைய ஊதுலையிலும் இதே தத்துவம்தான் இரும்பை ஓட வைக்கிறது. அங்கே இரும்பு 4 விழுக்காடு அளவுக்குக் கார்பனை உறிஞ்சிக்கொண்டு, 1150 டிகிரியை ஒட்டியே உருகத் தயாராகிவிடுகிறது. சுண்ணாம்புக்கல் இளக்கியாகச் சேர்ந்து மணலைக் கால்சியம் சிலிகேட் கசடாக்குகிறது. 1709இல் ஆபிரகாம் டார்பி, மரக்கரிக்குப் பதில் கல்கரியால் ஊதுலையை இயக்கியதும் உலையின் உயரத்துக்கு இருந்த தடை நீங்கியது. நொறுங்கும் மரக்கரியால் தாங்க முடியாத பாரத்தைக் கல்கரி தாங்கியது.

இப்போது துத்தநாகம். எலிங்கம் வரைபடத்தில் இரும்புக்கும் துத்தநாகத்துக்கும் இடையே அதிகத் தொலைவில்லை. இரும்பை எடுத்தவர்களின் உலையிலேயே துத்தநாகத்தைப் பிரிப்பதற்கான வெப்பம் இருந்தது. அப்படியானால் ஏன் எடுக்க முடியவில்லை?

துத்தநாகத்தின் கொதிநிலை 907 டிகிரி. கார்பன் கோடு துத்தநாகக் கோட்டை வெட்டுவதோ 950 டிகிரியை ஒட்டி. அதாவது ஆக்சிஜனிடமிருந்து விடுபடும் அந்தக் கணத்திலேயே துத்தநாகம் ஆவியாகத்தான் பிறக்கிறது. திறந்த உலையில் அந்த ஆவி புகையோடு மேலேறும். மேலே குளிர்ந்த பகுதியில் கார்பன் டைஆக்சைடையும் காற்றையும் சந்தித்ததும் மீண்டும் ஆக்சைடாகி வெள்ளைப் புகையாகப் போய்விடும். உலையின் அடியில் உலோகத்தைத் தேடியவர்களுக்கு எதுவும் மிஞ்சவில்லை. தாது இருந்தது, கரி இருந்தது, வெப்பம் இருந்தது, வினையும் நடந்தது. உலோகம் மட்டும் கைக்கு வரவில்லை.

பித்தளையை ரோமானியர்கள் செய்தார்களே என்று கேட்கலாம். செய்தார்கள், ஆனால் துத்தநாகத்தைக் கண்ணால் பார்க்காமலே செய்தார்கள். துத்தநாகத் தாதுவையும் கரியையும் செம்புத் துண்டுகளையும் மூடிய மூசையில் இட்டுச் சூடாக்கினால், பிறக்கும் ஆவி தப்பிப்பதற்கு முன்பே செம்புக்குள் கரைந்து பித்தளையாகிவிடும். செம்பு அங்கே ஆவியைப் பிடிக்கும் பொறியாக வேலை செய்தது. உலோகம் ஒன்று இருப்பதே தெரியாமல் அதன் கலப்பு உலோகத்தைப் பல நூற்றாண்டுகள் செய்துவந்தார்கள்.

அந்த ஆவியைத் தனியாகப் பிடித்துக் காட்டியவர்கள் இராஜஸ்தானத்து ஜாவரில் இருந்தார்கள். உதயப்பூருக்குத் தெற்கே ஏறக்குறைய 40 கிலோமீட்டரில், ஆரவல்லி மலைகளுக்கிடையே உள்ள ஊர் அது. பாறையைத் தீமூட்டிச் சூடாக்கி வெடிக்கச் செய்து தாது வெட்டிய பழைய சுரங்கங்கள் அங்கே உள்ளன. அவற்றில் சில கிறித்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை என்று அங்கே கிடைத்த மரத்துண்டுகளின் கார்பன் கணிப்பு காட்டுகிறது. 1980களில் பிரிட்டிஷ் அருங்காட்சியகமும் பரோடா மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகமும் இந்துஸ்தான் சிங்க் நிறுவனமும் சேர்ந்து நடத்திய அகழ்வில், பயன்படுத்திய நிலையிலேயே உலைகள் கிடைத்தன. பால் கிராடக் முதலான ஆய்வாளர்கள் அவற்றை விரிவாக ஆராய்ந்தார்கள்.

உலையின் அமைப்பைக் கவனித்தால் அவர்களுக்குப் பிரச்சினை எவ்வளவு தெளிவாகப் புரிந்திருந்தது என்று தெரியும். கத்தரிக்காய் வடிவ மண்குடுவைகள். அவற்றுக்குள் வறுத்த தாது, கரிப்பொருள், டோலமைட் முதலியன சேர்ந்த கலவை. குடுவையின் வாயில் நீண்ட மண்குழாய் ஒன்றைப் பொருத்தி, குடுவையைத் தலைகீழாகக் கவிழ்த்துவிடுவார்கள். உலை இரண்டு அடுக்கு. நடுவே துளைகள் உள்ள மண்தட்டு. ஒரு தட்டில் ஆறுக்கு ஆறாக 36 குடுவைகள். குடுவை மேலடுக்கில் நெருப்புக்குள் இருக்கும், குழாய் துளை வழியாகக் கீழடுக்குக்கு இறங்கும். மேலே 1100 டிகிரிக்கு மேல் எரியும்போது, பிறக்கும் துத்தநாக ஆவிக்கு மேலே செல்ல வழியே இல்லை. கீழே குழாய்க்குள்தான் இறங்கியாக வேண்டும். கீழடுக்கு குளிர்ந்திருப்பதால் அங்கே ஆவி திரவமாகிச் சொட்டும். குடுவைக்குள் எப்போதும் கார்பன் மோனாக்சைடு நிறைந்திருப்பதால் ஆவி மீண்டும் ஆக்சைடாக வழியில்லை.

தலைகீழாகக் கவிழ்த்த குடுவையிலிருந்து கலவை கொட்டிவிடாதா? அதற்கும் அவர்களிடம் வழி இருந்தது. கலவைக்கு நடுவே ஒரு குச்சியைச் செருகி வைத்தார்கள். குச்சி கலவையைத் தாங்கிக்கொள்ளும். வெப்பத்தில் கலவை இறுகிக் கெட்டியாவதற்குள் குச்சி கரிந்துபோகும், அது இருந்த இடம் ஆவி இறங்கும் வழியாகிவிடும். பயன்படுத்திய குடுவைகளுக்குள் அந்தத் துளையின் தடத்தை இன்றும் பார்க்கலாம். இத்தனைக்கும் வெப்பமானி கிடையாது, எலிங்கம் வரைபடம் கிடையாது, ஆக்சிஜன் என்ற ஒன்றைப் பற்றிய அறிவும் கிடையாது. 13ஆம் நூற்றாண்டை ஒட்டிய ரசரத்ன சமுச்சயம் என்னும் சமஸ்கிருத ரசவாத நூலிலும் இப்படிக் கீழ்நோக்கி வடிக்கும் முறை விளக்கப்பட்டிருக்கிறது. ஆய்வகத்தில் சிறிதாகத் தொடங்கியதை ஜாவர் மக்கள் பெருந்தொழிலாக்கினார்கள். பழைய ஜாவரில் வீட்டுச் சுவர்களே உடைந்த குடுவைகளை அடுக்கிக் கட்டியவை. சுற்றிலும் அவற்றின் குவியல்கள் மேடுகளாகக் கிடக்கின்றன. 1988இல் அமெரிக்காவின் ஏஎஸ்எம் இன்டர்நேஷனல் என்னும் உலோகவியல் அமைப்பு ஜாவரை வரலாற்றுச் சிறப்பிடமாக அறிவித்தது.

ஐரோப்பாவில் வில்லியம் சாம்பியன் பிரிஸ்டல் நகரில் துத்தநாகம் எடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றது 1738இல். அவருடையதும் கீழ்நோக்கி வடிக்கும் முறையே. ஜாவர் முறைக்கும் அதற்கும் உள்ள ஒற்றுமை வரலாற்றாசிரியர்களை இன்றும் சிந்திக்க வைக்கிறது. பிரிஸ்டலை அடுத்த ஏவன்மவுத்தில் 1950களில் உருவான முறை, அதே சிக்கலை வேறு விதமாகத் தீர்த்தது. ஊதுலையின் உச்சியிலிருந்து வெளிவரும் துத்தநாக ஆவி மீது உருகிய ஈயத்தைத் துளிகளாகச் சிதறடித்து, ஆக்சைடாக நேரமே தராமல் சட்டென்று குளிர்வித்துவிடுவார்கள். இன்று உலகின் பெரும்பகுதித் துத்தநாகம் இந்த வழியில் வருவதில்லை. தாதுவை வறுத்து, கந்தக அமிலத்தில் கரைத்து, மின்னாற்பகுத்து எடுக்கிறார்கள். ஆவி என்ற சிக்கலே அங்கு எழாது.

துத்தநாகத்துக்குத் தடையாக நின்ற அதே ஆவியாதல் மக்னீசியத்துக்கு உதவியாக அமைந்தது. எலிங்கம் வரைபடத்தில் மக்னீசியம் சிலிக்கனுக்குக் கீழே உள்ளது. எனவே சிலிக்கனால் மக்னீசியம் ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனைப் பறிக்க முடியாது என்றுதான் மாணவர் சொல்வார். ஆனால் 1940களின் தொடக்கத்தில் கனடாவின் லாயிட் பிட்ஜன் அதைச் செய்துகாட்டினார். வறுத்த டோலமைட்டையும் பெர்ரோசிலிக்கனையும் வெற்றிடத்தில் 1200 டிகிரியை ஒட்டிச் சூடாக்கினால், பிறக்கும் மக்னீசிய ஆவி உடனுக்குடன் வெளியேறிக் குளிர்ந்த முனையில் படிகிறது. விளைபொருள் அகன்றுகொண்டே இருந்தால் வினை முன்னோக்கியே போகும். வரைபடம் சொல்வது ஒரு வளிமண்டல அழுத்தத்தில் மட்டும் உண்மை என்பதை இதைவிட நன்றாகக் கற்பிக்க முடியாது. சீனா உலகுக்குத் தரும் மக்னீசியத்தின் பெரும்பகுதி இந்த முறையில்தான் வருகிறது.

அலுமினியத்தில் கார்பன் நேரடியாகத் தோற்றுப்போகிறது. 2000 டிகிரிக்கு மேல் கொண்டுபோனாலும் அலுமினியம் கார்பனோடு சேர்ந்து கார்பைடாகிவிடும். எனவே வேறொரு வலிமை வேண்டும். 1807இல் ஹம்ப்ரி டேவி பொட்டாசியத்தையும் சோடியத்தையும் மின்சாரத்தால் பிரித்துக் காட்டியிருந்தார். ஆனால் அலுமினாவின் உருகுநிலை 2072 டிகிரி. உருகாத பொருளில் மின்னாற்பகுப்பு நடக்காது. 1886இல் அமெரிக்காவில் சார்லஸ் மார்ட்டின் ஹாலும் பிரான்சில் பால் ஹெரௌல்ட்டும் ஒருவரை ஒருவர் அறியாமல் ஒரே விடையைக் கண்டார்கள். இருவரும் 1863இல் பிறந்து 1914இல் மறைந்தவர்கள். உருகிய கிரையோலைட்டில் அலுமினாவைக் கரைத்தால் 950, 960 டிகிரியிலேயே மின்னாற்பகுக்கலாம். இரண்டு ஆண்டுகள் கழித்து கார்ல் பேயர், பாக்சைட்டிலிருந்து தூய அலுமினாவை எரிசோடாவால் பிரிக்கும் முறையைக் கொடுத்தார். வெள்ளிக்கு நிகராக இருந்த உலோகம் சமையலறைக்கு வந்தது.

அதற்கான விலை மின்சாரத்தில் இருக்கிறது. ஒரு கிலோ அலுமினியத்துக்கு ஏறத்தாழ 14 யூனிட். தமிழ்நாட்டில் ஒரு வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டைக் கொண்டு 7 கிலோ அலுமினியம் எடுக்கலாம், அவ்வளவுதான். அதனால் அலுமினிய ஆலைகள் தாதுவை விட மின்சாரத்தைத் தேடியே போகின்றன. 1943இல் கேரளத்தின் ஆலுவாயில் ஆலை அமைந்ததற்குப் பள்ளிவாசல் நீர்மின்சாரம் காரணம். சேர்வராயன், கொல்லி மலைகளின் பாக்சைட்டுக்குப் பக்கத்திலேயே மின்சாரமும் கிடைத்த மேட்டூரில் பின்னர் ஓர் ஆலை வந்தது. பழைய அலுமினியத்தை உருக்கி மீண்டும் பயன்படுத்த இந்த ஆற்றலில் 5 விழுக்காடு போதும். ஆக்சிஜனைப் பிரிக்கும் வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது என்பதே காரணம். வீட்டில் கிடக்கும் பழைய பாத்திரத்தை எடைக்குப் போடுவதன் வேதியியல் பொருள் இதுதான்.

சமன்பாட்டின் வலப்பக்கத்தில் உலோகத்தோடு நிற்கும் மற்ற பொருளுக்கும் வருவோம். அலுமினிய மின்கலத்தில் கார்பன் நேர்மின்வாயே எரிந்து கரைகிறது. ஒரு டன் அலுமினியத்துக்குச் சமன்பாட்டின்படியே 1.22 டன் கார்பன் டைஆக்சைடு. பாக்சைட்டிலிருந்து அலுமினாவைப் பிரித்தபின் எஞ்சும் செஞ்சேறு கடும் காரத்தன்மை உடையது. 2010 அக்டோபர் 4 அன்று ஹங்கேரியின் அய்காவில் செஞ்சேற்றுத் தேக்கத்தின் கரை உடைந்து 10 பேர் உயிரிழந்தார்கள். ஊதுலையில் ஹேமடைட்டிலிருந்து ஒரு டன் இரும்பு வரும்போது, ஒடுக்க வினையில் மட்டும் 1.18 டன் கார்பன் டைஆக்சைடு. உலையைச் சூடாக்கும் கரியையும் சேர்த்தால், எஃகாகும் வரை ஏறத்தாழ 2 டன் ஆகும். உலகம் ஆண்டுக்கு 180 கோடி டன்னுக்கு மேல் எஃகு செய்கிறது.

இதைக் குறைக்கும் வழியும் எலிங்கம் வரைபடத்திலேயே இருக்கிறது. அங்கே ஹைட்ரஜனுக்கும் ஒரு கோடு உண்டு. இரும்பு ஆக்சைடிலிருந்து ஹைட்ரஜன் ஆக்சிஜனை எடுத்தால் வெளிவருவது நீராவி. சுவீடனின் லூலியோவில் 2021இல் ஹைட்ரஜனால் ஒடுக்கிய இரும்பை முன்னோட்ட ஆலையில் எடுத்துக் காட்டினார்கள். அது திட நிலையில், துளைகள் நிறைந்த கட்டியாகவே வருகிறது; கொடுமணல் உலையில் வந்த இரும்பும் அந்த நிலையில்தான் வந்தது. ஆனால் ஹைட்ரஜன் எந்த மின்சாரத்தால் கிடைக்கிறது என்பதைப் பொறுத்தே அதன் நன்மை அமையும். இதையும் மாணவர்களே விவாதிக்கலாம்.

இத்தகைய அலகை என்.சி.இ.ஆர்.டி. 2022-23 கல்வியாண்டுக்கான பாடக்குறைப்பில் பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலிலிருந்து நீக்கிவிட்டது. கொரோனா காலச் சுமையைக் குறைப்பது நோக்கம் என்றார்கள். எஃகும் செம்பும் அலுமினியமும் எப்படி வருகின்றன, அவற்றுக்கு நாம் என்ன விலை கொடுக்கிறோம் என்பதை அறியாமல் ஒரு தலைமுறை வேதியியல் படித்து வெளியேறுவதை நான் பெரும் இழப்பாகவே பார்க்கிறேன். வெப்ப இயக்கவியலும் மின்வேதியியலும் வாழ்க்கையைத் தொடும் இடம் இந்த அலகு. சுமையாக இருந்தது தாதுப் பட்டியல்தான். நீக்கியிருக்க வேண்டியதும் அதைத்தான்.

தமிழகம் இந்த அலகை இன்னும் வைத்திருக்கிறது. பாடநூலை அடுத்துத் திருத்தும் குழுவுக்கு என் வேண்டுகோள் மூன்று. தாதுப் பெயர்களின் அட்டவணையைப் பின்னிணைப்புக்கு மாற்றுங்கள். ஒவ்வொரு சமன்பாட்டுக்கும் கீழே, ஒரு டன் உலோகத்துக்கு எவ்வளவு கழிவு வரும் என்ற கணக்கை மாணவரே போடும்படி ஒரு பயிற்சி வையுங்கள். ஜாவர் உலைக்குப் படத்தோடு இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். ஆசிரியர்கள் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. 907 டிகிரியில் கொதிக்கும் உலோகத்தை 950 டிகிரிக்கு மேல் எப்படிப் பிடிப்பீர்கள் என்று வகுப்பில் கேட்டுவிட்டு, விடையை மாணவர்களே வரைந்து காட்ட ஒரு பாடவேளை கொடுங்கள்.